பொம்பளை வரிசையில் நான்

புரட்டாசி 7, திங்கள்

விடியலில் தூறல். ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை, இன்னும் கொஞ்சம் படுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். உடனே நின்றுவிட்டது. மழைக்கும் என்னைப் பிடிக்கவில்லை.

இன்று முதல் காலையில் வீடு முழுக்க என் தலையில். எழுதி வைத்தால்தான் மறக்காது. மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் இருக்கட்டும், நானே எழுதி நானே படிக்கப் போகிறேன்.

காலை வேலை: அடுப்பு. பைப்படியில் தண்ணீர். சோறு, ஒரு குழம்பு. செல்விக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவது. சின்னவள் சரசுக்குக் கழுவித் துடைத்துத் துணி கட்டுவது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் அவளை விடுவது. அப்புறம் பிரட்டு, பேர் கூப்பிடும்போது அங்கே நிற்க வேண்டும். அதற்கும் அப்புறம்தான் மரம்.

மரம் சுலபம். மரம் அழாது.

என் பெண்டாட்டி பாக்கியம் (இனி பா. என்று எழுதுகிறேன், விரல் வலிக்கிறது) இருட்டோடு கேட்டுக்குப் போய்விடுகிறாள். எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டதிலிருந்து வேலைக்குப் போகிறவர்களை எல்லாம் கேட்டில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது. ஆம்பளைகளைக் கான்ஸ்டபிள் தடவிப் பார்ப்பான். பொம்பளைகளைத் தடவ ஒரு பொம்பளை வேண்டுமே, அதுதான் பா. ஒரு மாதம் பார்ப்போம் என்று எஸ்டேட் தொரை சொன்னார். இந்தச் சனிக்கிழமையோடு மாதம் முடிகிறது. ஒரு நாள் பிந்தினாலும், ஒரு தப்பு நடந்தாலும் வேலை, பிரட்டில் பேர் கூப்பிடுகிற மண்டோரின் கொழுந்தியாளுக்கு.

பா.வுக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் திரும்பவும் பதினெட்டாம் நம்பர் ரப்பர்க் காட்டில் பால் வெட்டு, பெருங்காட்டின் ஓரம். ஆடி மாதம் அங்கே மரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் வந்து சோறு கேட்டிருக்கிறார்கள். கையில் துப்பாக்கி. பா. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள், பால் வாளியோடு. ஒரு சொட்டும் சிந்தவில்லையே, தொரை மெடல் குடுப்பாரு என்று நான் கேலி செய்தேன். சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தூக்கத்தில் காலை உதறுகிறாள். அந்தக் காட்டுக்கு நான் போகிறேன், அவளுக்கு என் மர நிரையைக் கொடுங்கள் என்று மண்டோரிடம் கேட்டுப் பார்த்தேன். பேர் எழுதியாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார்.

மூன்று வாரம் பெரியவள் காந்தா ஜெராமில் புருஷன் வீட்டிலிருந்து வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நேற்று மாப்பிள்ளை வந்து கூட்டிப் போய்விட்டார். அவருக்கும் சோறு வேண்டுமாம்.

கேட்டில் இன்று நடந்தது. ஆயாக் கொட்டகை வேலிக்கு வெளியே. கம்பி போட வந்தவன் கோட்டை நேராக இழுத்துவிட்டான், கொட்டகை அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அதனால் சரசுவும் சோதனைக்கு உண்டு. நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆம்பளை வரிசையில் நின்றேன். கான்ஸ்டபிள் மலாய்க்காரப் பையன், அரைத் தமிழ் பேசுவான்.

"புள்ள பொம்பள. நான் தொட முடியாது. அந்தப் பக்கம் லா."

அந்தப் பக்கம் என்றால் பொம்பளை வரிசை. இந்த லயத்தில் எல்லாருக்கும் பட்டப்பேர் வைத்தவன் நான். நான் போய் அங்கே நின்றால்? நின்றேன். பக்கத்து வீட்டு அஞ்சலை நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்கக்கா."

வரிசை முழுக்கச் சிரிப்பு. ஆம்பளை வரிசையிலும். பா. மட்டும் சிரிக்கவில்லை. சரசுவை வாங்கித் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள், யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி.

சோறு அடிப்பிடித்தது. செல்வி சடையை இரண்டு தரம் அவிழ்த்துப் பின்னினேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டாராம், காத்தடிச்சுதா என்று.


புரட்டாசி 8, செவ்வாய்

வெயில். துவைக்க நல்ல நாள்.

பிள்ளைத் துணி ஒரு வாளி. ஆம்பளை பைப்படியில் துவைக்கிறான் என்று வேடிக்கை பார்க்க ஆள் வந்துவிட்டது. பின்பக்கம் ஒளிந்து துவைக்கலாமா என்று நினைத்தேன். பின்பக்கம் பைப் இல்லை.

துணி எல்லாம் கறுப்பு. அலச அலசக் கறுப்பு. பார்த்தால் சரசு இடுப்புத் துணி முனையில் ஒரு முடிச்சு, அதற்குள் அடுப்புக்கரி. செல்வியின் வேலைதான், அவள்தான் கரியை வைத்து விளையாடுவாள். அவிழ்த்து எறிந்தேன். செல்வியைத் திட்டினேன். நான் இல்லை என்றாள். அப்படித்தான் சொல்வாள்.

ஆறுமுகம் வந்தான். எதிர் லயம். பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று பிள்ளைகளையும் அவனே குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கிக்கொண்டு திரிந்தான். அவனுக்கு ஆயா என்று பேர் வைத்தது நான்தான். கங்காணி முதல் கடைக்காரர் வரை இன்று அவன் பேர் ஆயா ஆறுமுகம். இன்றைக்குப் பழி வாங்குவான் என்று காத்திருந்தேன். அவன் உட்கார்ந்து, துணியை எப்படி மூன்றாக மடிப்பது, முடிச்சு தொடையில் உறுத்தாமல் எப்படிப் போடுவது என்று காட்டிக் கொடுத்தான். எழுந்து போகும்போதுதான் சொன்னான்.

"இன்னியிலேர்ந்து நான் பெரிய ஆயா, நீங்க சின்ன ஆயா, மாமா."

கணக்கு நேர். ஆனால் அடுத்த லயத்திலும் அதற்குள் தெரிந்துவிட்டது.

பா. மத்தியானம் வந்து படுத்தாள். கேட்டில் பொம்பளைகள் அவளோடு பேசுவதில்லையாம். மடியைத் தடவுகிற கைக்கு யார் வெற்றிலை கொடுப்பார்கள்? நான் கொடுத்தேன். சுண்ணாம்பு அதிகம் என்றாள்.

புரட்டாசி, கவுச்சி இல்லை. சமையல் தெரியாதவனுக்காகத்தான் பெருமாள் இந்த மாதத்தை வைத்தார் போல.


புரட்டாசி 9, புதன்

மேகம். புழுக்கம். கை ஓயவில்லை, மனசும்.

பிரட்டுக்கு ஓடியே போனேன். மண்டோர் என் பேரைக் கூப்பிட்டு முடித்து அடுத்த பேருக்குப் போய்விட்டார். கெஞ்சினேன். "வீட்டுல என்ன, பொண்டாட்டியா நீ?" என்றார். அவர் கொழுந்தியாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எப்போது சறுக்கும் என்று காத்திருக்கிற பார்வை.

பக்கத்து எஸ்டேட்டில் ஒருவன் கால்சட்டைப் பையில் ஒரு பிடி அரிசி. கோழிக்கு வைத்திருந்தேன் என்றானாம். போலீஸ் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவன் வீட்டுக்கு இன்னும் தெரியாது. இதைக் கேட்டதிலிருந்து நான் பைகளை உதறிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

வரிசையில் சரசு இரண்டு தரம் தும்மினாள். அஞ்சலை எட்டிப் பார்த்துச் சொன்னாள், முடிச்சு எங்கே, முடிச்சு இல்லாமலா விடியல் இருட்டில் பிள்ளையைத் தூக்கி வருவது, காற்று கருப்பு அண்டாதா என்று. அதெல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். தெரியாது. முடிச்சுக்குள் என்ன வைப்பது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அக்கா என்பதோடு நிற்காது, பாட்டே கட்டிவிடுவாள். பா.விடம் கேட்கலாம் என்றால் அவள் சுருண்டு தூங்குகிறாள்.

சாயங்காலம் சரசுக்கு மூக்கு ஒழுகல். உடம்பு இளஞ்சூடு. எனக்குக் கால் தரிக்கவில்லை. வாசலுக்கும் தொட்டிலுக்கும் நடை.

நானே யோசித்தேன். தை மாதம் காந்தாவைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும்போது பொம்பளைகள் எல்லாம் சேர்ந்து அவள் மடியில் மஞ்சள் அரிசி கட்டி அனுப்பினார்கள். வெளியே போகிற பிள்ளை நல்லபடியாகப் போய்ச் சேர. ஆக, அரிசிதான். ஒரு சிட்டிகை எடுத்து மஞ்சள் தடவி, பழைய வேட்டித் துண்டில் கட்டி, சரசு இடுப்புத் துணி முனையில் முடிந்து வைத்தேன். ஆறுமுகம் காட்டிய முடிச்சு. உறுத்தாது.

ஒரு காரியம் உருப்படியாகச் செய்த மாதிரி இருந்தது. இன்றைக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்தேன்.


புரட்டாசி 10, வியாழன்

எழுத மனசில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கேட்டில் இன்று தொரையும் இருந்தார், ஆபீஸ் கிராணியும், மலாய்க்கார போலீஸ் சார்ஜனும். பா. எப்போதையும்விட நிமிர்ந்து நின்றாள். நான் பொம்பளை வரிசையில், அஞ்சலைக்குப் பின்னால். அக்காவுக்கு இன்று மூஞ்சியில் களை இருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஏதோ பதில் சொன்னேன். பையை எல்லாம் உதறிவிட்டு வந்தவன். இடுப்பில் இருப்பவளின் இடுப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பும் இல்லை. அரிசி என்றால் அது சோற்றுக்கு. முடிச்சில் இருப்பது முடிச்சு. அப்படித்தான் என் புத்தி போனது.

பா. சரசுவை வாங்கினாள். தடவினாள். கை முடிச்சில் நின்றது.

விரலால் உருட்டிப் பார்த்தாள். அரிசி களைகிற விரல், அதற்குத் தெரியாதா. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அதற்குள் அவள் முடிச்சை உருவிக் கைக்குள் எடுத்துவிட்டாள். கை மூடியிருந்தது. தொரை கிராணியோடு பேசிக்கொண்டிருந்தார். சார்ஜன் ஆம்பளை வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது. மண்டோர் கொழுந்தியாள் மட்டும் எனக்கு இரண்டு பேர் பின்னால், கழுத்தை நீட்டிக்கொண்டு.

பா. கையைத் திறந்தாள்.

"சார்ஜன், இதுல அரிசி இருக்கு."

அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"யாரு கட்டினது?"

நான்தான் என்றேன். சார்ஜன் வந்து முடிச்சைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினான். பெராஸ், பெராஸ் என்று மலாயில் அரிசிக்குப் பேர் சொல்லித் தொரையிடம் காட்டினான். கான்ஸ்டபிள் துப்பாக்கியை மாற்றிப் பிடித்தான். லோரி எந்தப் பக்கம் நிற்கிறது என்று நான் பார்த்தேன்.

சிரித்தது அஞ்சலைதான்.

"அரிசியவா கட்டினீங்க? கரியில்ல கட்டுவாங்க!"

வரிசை மொத்தமும் பிடித்துக்கொண்டது. முன்னால் நின்றவள் திரும்பிப் பின்னால் நின்றவளுக்குச் சொல்ல, கரிக்குப் பதில் அரிசி, கரிக்குப் பதில் அரிசி என்று கடைசி வரை போனது. துவைத்த துணியின் கறுப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. சார்ஜனுக்குச் சிரிப்பு பிடிக்கவில்லை. அஞ்சலை விடவில்லை. மலாயும் தமிழுமாக அவனுக்குப் பாடம் நடத்தினாள். பிள்ளைக்குக் காற்று கருப்பு அண்டாமல் இருக்கக் கரி கட்டுவோம், காட்டுக்காரனுக்கு அனுப்ப நினைத்தால் இந்த ஒரு சிட்டிகையை அனுப்புவானா, இது பொம்பளை கட்டிய முடிச்சே இல்லை, ஒன்றும் தெரியாத ஆம்பளை கட்டியது என்றாள்.

ஆம்பளைக்குத் தெரியாதா என்று தொரை கேட்டதாகக் கிராணி சொன்னார். தன் பிள்ளை இடுப்பில் இருப்பது தகப்பனுக்குத் தெரியாதா.

கேட்டுப் பாருங்கள் என்றாள் அஞ்சலை.

கேட்டான் சார்ஜன். முன்பே சோதனை முடிந்து பிரட்டுக்குப் போய், இந்தச் சத்தம் எட்டாத தூரத்தில் நின்ற ஆம்பளைகளை ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டு, காதோடு காதாக. உன் பிள்ளை முடிச்சில் என்ன இருக்கிறது? ஒருவன் உப்பு என்றான். ஒருவன் வேப்பிலை. ஒருவன் காசு. கங்காணி பெரிய மனுஷர், யோசித்துவிட்டு விபூதி என்றார். ஒருவன் எங்கள் பிள்ளைக்கு முடிச்சே கிடையாது என்றான், வரிசையிலிருந்து அவன் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். மண்டோரையும் கேட்டான். ஆறு பிள்ளை பெற்றவர். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஆறுமுகம் மட்டும் கரி என்றான்.

சார்ஜன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். அவன் வீட்டிலும் பிள்ளைக்குக் கையில் ஏதோ கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறதாம், உள்ளே என்ன என்று அவனும் கேட்டதில்லையாம். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தான். தொரை சிரிக்கவில்லை. என்னைக் காவல் கொட்டகையில் உட்கார வைத்தார்கள்.

உட்கார முடியவில்லை. எழுந்தால் உட்கார் என்றான் கான்ஸ்டபிள். சரசு அழுகிற சத்தம் ஆயாக் கொட்டகையிலிருந்து கேட்டது, பிறகு நின்றது. பா. போய்ப் பால் கொடுத்திருப்பாள். என் பக்கம் அவள் தலை திரும்பவே இல்லை. மத்தியானம் விட்டார்கள். இன்று கூலிக்கு என் பேர் போடவில்லை. என்னை விட்டது பெரிசில்லை. பா. வேலை என்ன ஆகும் என்று கேட்டேன். சனிக்கிழமை சொல்வார் தொரை என்றார் கிராணி.

பதினெட்டாம் நம்பர் காடு. ஒரு சிட்டிகை அரிசியில் நானே அவளை அங்கே திருப்பி அனுப்பி வைத்தேனோ?


புரட்டாசி 11, வெள்ளி

விடாத மழை. வேலை இல்லை. வீட்டுக்குள்ளேயே இரண்டு பேரும். இது வேறு.

பா. நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கூட்டினேன். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன். விளக்கு துடைத்தேன். செல்விக்குச் சடை பின்னினேன், நன்றாக வந்தது, பள்ளிக்கூடம் மழையால் இல்லை.

அஞ்சலை சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். வெற்றிலை கேட்க என்று சொன்னாள். வெற்றிலை அவள் வீட்டிலேயே இருக்கிறது, எனக்குத் தெரியும். பா. பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் இருந்தாள். பொம்பளை வரிசையில் ஒருத்தியாவது பா.வோடு பேசிவிட்டாள். போகும்போது என்னைப் பார்த்து, அக்கா, கரி வேணும்னா எங்க வீட்டுல நெறய இருக்கு என்றாள்.

சமைத்தேன். அடிப்பிடிக்கவில்லை. பா. சாப்பிட்டாள். தட்டைக் கழுவ எழுந்தவள் அப்படியே நின்றுகொண்டு சொன்னாள்.

"மூடின கைய மூடியே வச்சிருக்கலாம். யாருக்குந் தெரிஞ்சிருக்காது."

கேலி நாக்கு வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

"வச்சிருந்தா, நாளைக்கி அஞ்சலை மடியில எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் கைய விடுறது?"

லோரி நினைப்பு வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றாள். உங்களை ஏற்றியிருந்தால் நானும் ஏறியிருப்பேன் என்றாள். பிள்ளைகள்? என்றேன். ஆயா ஆறுமுகம் இருக்கிறாரே என்றாள்.

சிரித்தோமா என்று தெரியவில்லை. மழைச் சத்தம்.


புரட்டாசி 12, சனி

ஈரக் காற்று, மழை இல்லை. பால் வெட்டு உண்டு.

பா. போன பிறகு அடுப்பில் கரித்துண்டு தேடினேன். பெரிசு ஒன்று, சின்னது ஒன்று. சின்னதை எடுத்தேன். சரசு இடுப்பில் முடிந்தேன். மூக்கு ஒழுகல் நின்றிருக்கிறது.

பொம்பளை வரிசை. இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஒருத்தி தன் பிள்ளையையும் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொன்னாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் தொரை, கிராணி, கொஞ்சம் தள்ளி மண்டோர் கொழுந்தியாள், புதுச் சேலையில். நான் கால் மாற்றி மாற்றி நின்றதில் சரசு தூங்கிவிட்டாள்.

கிராணி வந்து பா.விடம் சொன்னார். எனக்கும் கேட்டது. சொந்தப் புருஷன் கொண்டுவந்ததையே கையைத் திறந்து காட்டியவள் கேட்டில் இருக்கட்டும், வேறு யாரையும் தேட வேண்டாம் என்று தொரை சொல்லிவிட்டாராம். மாதத்துக்கு மாதம் பார்க்கிற பேச்சு இல்லை, நிரந்தரம்.

பா. தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். ஆனால் வலது காலைச் செருப்புக்குள் அழுத்தி அழுத்தி வைத்தாள். புதுச் செருப்பு. ஆடியில் விட்டுவிட்டு வந்ததற்குப் பதில் வாங்கியது.

என்னுடைய அடுப்பும் நிரந்தரம் என்று எனக்குப் புரிய வரிசையில் இன்னும் இரண்டு ஆள் நகர வேண்டியிருந்தது.

என் முறை. சரசுவை வாங்கினாள். முடிச்சைத் தொட்டாள். வேண்டுமென்றே அவிழ்த்தாள், எல்லாரும் பார்க்க. கரி. அதை விரலில் தேய்த்தாள். சரசு கன்னத்தில் பொட்டு வைப்பாள் என்று நினைத்தேன். சரசுவை என் இடுப்பில் திருப்பி வைத்துவிட்டு, அந்த விரலை என் கன்னத்தில் வைத்து ஒரு சுழற்று.

"ஊர்க் கண்ணெல்லாம் இவரு மேலதான்."

வரிசை சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சார்ஜன்கூடச் சிரித்தான். பா.வும்.

பிரட்டில் மண்டோர் என் பேரைக் கூப்பிட்டுவிட்டுக் கன்னத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆறுமுகம் கேட்டான். உனக்கெல்லாம் யாரும் வைக்க மாட்டாங்க, கண்ணு படுற மூஞ்சியா அது என்றேன். மரத்துக்கு மரம் போய் வெட்டி முடிக்கிற வரை துடைக்கவில்லை. வேர்வையில் தாடை வரைக்கும் இறங்கிவிட்டது என்று செல்வி சொல்கிறாள்.

சாயங்காலச் சமையல் பா., காலைச் சமையல் நான். தண்ணீர் நான். துவைப்பது யார் என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை. பாதி என்கிறேன். பிள்ளைத் துணி பாதியில் சேராதாம்.

இடி. துணி வெளியே கிடக்கிறது, எடுக்க ஓடுகிறேன்.